மூடிய கையும் திறந்த விதியும்

மனிதன் தான் காண்பவற்றைக் கொண்டே எண்ணுகிறான். எண்ணியவற்றைக் கொண்டே செயல் புரிகிறான். ஆதலின், ஒருவன் கண்முன் எதை வைப்பது, எதை மறைப்பது, எதை முதலிலும் எதை இறுதியிலும் நிறுத்துவது என்று முடிவு செய்பவன், அவனுடைய எண்ணத்திலும் செயலிலும் பங்குடையவனாகிறான். இப்பங்கினை ஏற்றிருப்பவன் யார்? எவ்விதியைக் கொண்டு அதனை ஆற்றுகிறான்? அவ்விதியை அறிய நமக்கு உரிமை உண்டா? அறிந்தால் மட்டும் போதுமா? இவ்வினாக்களை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னாளில் இப்பங்கு புரோகிதனிடமும் பண்டிதனிடமும் இருந்தது. பின்னர் பத்திரிகை ஆசிரியனிடமும் பாடநூற் குழுவினரிடமும் சென்றது. இந்நாளில் அது பெரும்பாலும் சமூக வலைத்தளங்களை நடத்தும் நிறுவனங்களிடம் உள்ளது. கைப்பேசியைத் திறந்தவுடன் நம் முன் வந்து நிற்கும் செய்திகள் தாமாக வந்து நிற்பனவல்ல. கோடிக்கணக்கான பதிவுகளுள் இன்னின்ன இவருக்கு, இன்ன வரிசையில் என்று ஒரு கணிப்பு விதி தெரிந்தெடுக்கிறது. அவ்விதியையே அல்காரிதம் என்கின்றனர். அதனை எழுதியோர் மனிதரே. எழுதியோருக்கு ஒரு நோக்கமும் உண்டு. நோக்கம் உள்ள இடத்தில் அறம் பற்றிய வினாவும் உண்டு.

எழுதப்பட்டும் காணப்படாதவை

இவ்வினா நமக்கு அயலானதன்று. பண்டித அயோத்திதாசர் 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். 1914-இல் அவர் மறையுமட்டும் வாரந்தோறும் எழுதினார். பௌத்தம், மொழி, சாதியின் தோற்றம், அரசியல், மருத்துவம் ஆகிய துறைகள் பலவற்றில் அவர் எழுதியவை ஆயிரக்கணக்கான பக்கங்கள். எனினும் அவ்வெழுத்துகள் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்னும் பெயரில் ஞான. அலாய்சியஸ் அவர்களால் தொகுக்கப்பெற்றுப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது 1999-ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட எண்பத்தைந்து ஆண்டுகள் அவை எங்கிருந்தன? பழைய சேமிப்புகளிலும் அன்பர் சிலரின் இல்லங்களிலும் இருந்தன. இல்லாமற் போகவில்லை, காட்டுவாரின்றிக் கிடந்தன. இலக்கிய வரலாறுகளிலும் பாடத்திட்டங்களிலும் அவற்றிற்கு இடம் தரப்படவில்லை. ஒரு கருத்தை ஒழிப்பதற்கு அதனைத் தடைசெய்ய வேண்டுவதில்லை, பட்டியலில் சேர்க்காமல் விட்டாலே போதும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

எழுதும் உரிமையும் கண்டடையப்பெறும் வாய்ப்பும் வெவ்வேறானவை என்பது இதனால் விளங்கும். முன்னதைச் சட்டம் வழங்கலாம். பின்னதை வழங்குவது வரிசைப்படுத்துவோரின் நேர்மையே.

இதனை நன்குணர்ந்தவர் நூலக அறிஞர் சீ. இரா. அரங்கநாதன். 1931-இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள் இரண்டு நம் பொருளுக்கு நேரே உரியன. வாசகன் ஒவ்வொருவனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகன் கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. வாசகனது தேவையோடு நூலினது உரிமையையும் சேர்த்து எண்ணியது அப்பெரியாரின் நுட்பம். தாம் வகுத்த கோலன் பகுப்பு முறையை 1933-இல் அச்சிட்டு உலகின் முன் வைத்தார். எந்நூல் எவ்விடத்தில் ஏன் வைக்கப்படுகிறது என்பதை வேண்டுவோர் கற்கலாம். பிழை கண்டால் எடுத்துரைக்கலாம். 1829-இல் நூலகம் கண்ட திருவனந்தபுரமும், 1945-இல் பி. என். பணிக்கர் முயற்சியால் கிரந்தசாலைச் சங்கம் தோன்றிய திருவிதாங்கூர் நாடும் இவ்வுண்மையை நடைமுறையில் அறிந்தவை. ஊர்தோறும் வாசகசாலை எழுந்தது நூல்களைச் சேமிக்க மட்டுமன்று, அவற்றை உரியவர் கையில் சேர்க்கவுமே.

கையை மூடிய ஆசிரியன்

வேலுவ கிராமத்தில் நோயுற்றுத் தேறிய பகவரிடம் ஆனந்தர், சங்கத்திற்கு இறுதி அறிவுரை ஏதேனும் எஞ்சியிருக்கும் என்று எதிர்பார்த்திருந்ததாகக் கூறினார். தாம் உள்ளோர்க்கு ஒன்றும் புறத்தோர்க்கு ஒன்றுமாகத் தம்மத்தைப் பகுத்துரைக்கவில்லை என்றும், சிலவற்றைக் கைக்குள் மூடி வைத்துக்கொள்ளும் ஆசிரியரது வழக்கம் தம்மிடம் இல்லை என்றும் பகவர் விடையிறுத்தார். மகாபரிநிப்பான சுத்தத்தில் வரும் இச்செய்தி சமய வரலாற்றிலேயே அரிய ஒன்றாகும். இரகசியத்தால் அதிகாரம் பெறும் ஆசிரியர் நிறைந்த நாட்டில், கையை விரித்துக் காட்டியவர் அவர்.

இன்றைய பெருந்தளங்கள் பெரும்பாலும் கையை மூடியே வைத்துள்ளன. ஒரு கை சற்றே திறந்தபோது உள்ளே தெரிந்தது யாது? 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் ட்விட்டர் நிறுவனம் (பின்னர் எக்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது) தன் பரிந்துரை விதியின் ஒரு பகுதியை வெளியிட்டது. ஒரு பதிவைக் கண்டால் வாசகன் என்ன செய்யக்கூடும் என்பதை முன்கூட்டிக் கணித்து, செயல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை தந்து, கூட்டிப் பார்த்து வரிசையிடுவது அதன் முறை. அப்போது வெளியிடப்பட்ட குறிப்பின்படி, விருப்பக் குறி இடுதலுக்குரிய எடை 0.5; மறுமொழி எழுதுதலுக்குரிய எடை 13.5. அதாவது இருபத்தேழு மடங்கு. மனிதன் எப்போது விரைந்து மறுமொழி எழுதுகிறான்? நல்லதொன்றைப் படித்து அமைதியுறும்போது பெரும்பாலும் எழுதுவதில்லை. சினம் மூளும்போது எழுதுகிறான். இழிவுபடுத்தப்பட்டதாக உணரும்போது எழுதுகிறான். சினமூட்டும் பதிவுக்கு இத்தகைய விதி உயர்ந்த இருக்கை அளித்துவிடக் கூடும். அவ்வாறு நேர எவரும் தீய எண்ணம் கொள்ள வேண்டியதில்லை. எதற்கு எடை தருகிறோமோ அது பெருகும்.

சார்பில் தோற்றம் என்னும் தம்மக் கோட்பாட்டை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஊறு உண்டாக, அதனைச் சார்ந்து நுகர்வு உண்டாகிறது. நுகர்வைச் சார்ந்து வேட்கை உண்டாகிறது. வேட்கையைச் சார்ந்து பற்று உண்டாகிறது. இச்சங்கிலியில் ஊறும் நுகர்வும் தவிர்த்தற்கு அரியன. நுகர்வு வேட்கையாய் மாறும் இடத்திலேதான் விழிப்புடையோன் நின்று தன்னைக் காத்துக்கொள்ள இயலும். மூடிய விதி அவ்விடத்தையே குறிவைக்கிறது. நாம் நிற்க வேண்டிய கணத்தில் நிற்கவொட்டாது அடுத்த பதிவைக் கண்முன் நிறுத்துகிறது. எனவே இஃது இயந்திர நுட்பம் பற்றிய வினா மட்டுமன்று. மனத்தின் விடுதலை பற்றிய வினாவுமாகும்.

திருவனந்தபுரம் கற்பித்த பாடம்

கை திறந்திருந்தால் போதும் என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. திறப்பு என்பதற்குப் பொருள் யாதென முதலில் தெளிதல் வேண்டும். இதற்குத் திருவனந்தபுரத்தின் அண்மைக்கால வரலாறு துணைபுரிகிறது.

2001-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ரிச்சர்டு ஸ்டால்மன் இந்நகருக்கு வந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். பின்னர்க் கேரள அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வியை அளிக்கலாயின. அரசின் சார்பில் இத்துறைக்கென ஒரு பன்னாட்டு மையமும் இந்நகரில் நிறுவப்பட்டது. இவ்வியக்கத்தார் ‘கட்டற்றது’ என்னும் சொல்லுக்கு நான்கு உரிமைகளை இலக்கணமாகக் கூறுவர்: வேண்டியவாறு பயன்படுத்தும் உரிமை, உட்புகுந்து ஆராயும் உரிமை, மாற்றும் உரிமை, பிறரோடு பகிரும் உரிமை.

இவ்வளவுகோலை வரிசைப்படுத்தும் விதிக்கும் பொருத்திப் பார்ப்போம். ட்விட்டர் 2023-இல் செய்தது ஆராயும் உரிமையில் ஒரு பகுதியைத் தந்ததே ஆகும். பயனாளன் அந்த 13.5-ஐக் குறைத்துத் தன் கைப்பேசியில் வேறொரு வரிசையைக் காண வழியில்லை. கண்ணாடிச் சுவருக்குள் சமைப்பதைக் காட்டிவிட்டு, உப்பைக் குறைக்கச் சொல்லும் உரிமையை மறுத்தது போன்றது அது. இதற்கு மாறாக, புளூஸ்கை என்னும் தளம் 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் வேறொரு முறையைப் புகுத்தியது. பதிவுகளின் ஓட்டம் முழுவதும் பொதுவில் உள்ளது. அதிலிருந்து தெரிந்தெடுக்கும் விதியை எவரும் எழுதி ஓடையாக நடத்தலாம். பயனாளன் விரும்பும் ஓடையைத் தேர்ந்துகொள்ளலாம், வேண்டாவிடின் விட்டுவிடலாம். அத்தளத்தினருள் பெரும்பாலோர் இன்னும் ஒரே நிறுவனத்தின் வழங்கிகளைச் சார்ந்திருப்பதால் அதனை முழுப் பரவலாக்கம் என்று கூற இயலாது. எனினும் காட்டும் கை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை அது மெய்ப்பித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2022-ஆம் ஆண்டின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தால், பரிந்துரையின் முதன்மைக் கூறுகளைப் பயனாளர்க்கு விளக்க வேண்டும் என்றும், மிகப்பெரும் தளங்கள் தனியாள் விவரக் கணிப்பைச் சாராத மாற்று வரிசை ஒன்றையேனும் தரவேண்டும் என்றும் விதித்துள்ளது.

பல இல்லங்கள், ஒரு விநயம்

மாஸ்டடான் என்னும் மென்பொருள் 2016-இல் தோன்றியது. அதுபோன்றவை தம்முள் உரையாடுவதற்குரிய ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறை 2018-இல் உலகளாவிய வலைத்தர அமைப்பினால் ஏற்கப்பட்டது. இம்முறையில் மையத் தலைமை இல்லை. சிறு வழங்கிகள் பல. ஒவ்வொன்றும் தன் ஒழுங்கைத் தானே வகுத்துக்கொள்ளும். பொது நெறிமுறை ஒன்றால் அவை யாவும் இணைந்திருக்கும்.

இவ்வமைப்பு நமக்கு வியப்பளிப்பதன்று. பகவரின் மறைவுக்குப் பின் சங்கத்திற்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் யார் என்று மகத அமைச்சர் வஸ்ஸகாரர் வினவியபோது, அவ்வாறு எவரும் நியமிக்கப்படவில்லை என்றார் ஆனந்தர். ஒரு வட்டாரத்திலுள்ள பிக்குகள் உபோசத நாளில் கூடிப் பாதிமோக்கத்தை ஓதுவர், பிழை உளதேல் விதிப்படி தீர்ப்பர், அவ்வாறு தம்மை நடத்துவது தம்மமே அன்றி ஆட்களல்லர் என விளக்கினார். எல்லை வகுத்த சீமைதோறும் தனித்தனிச் சங்கம். அனைத்திற்கும் ஒரே விநயம். சங்கங்கள் தீர்மானம், வாக்கெடுப்பு முதலிய அவை நடைமுறைகளை நன்கறிந்திருந்தன என்று 1949-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் எடுத்துக்காட்டியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இந்தியாவில் இவ்வமைப்பு பலர் கவனத்தைப் பெற்றது 2019-ஆம் ஆண்டு நவம்பரிலாகும். நாஜி வணக்கம் செய்ய மறுத்துக் கூட்டத்தின் நடுவே கைகட்டி நின்ற ஆகஸ்டு லாண்ட்மெஸரின் படத்தை வைத்திருந்த மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர்க் கணக்கு முடக்கப்பட்டது. தளத்தின் விதிகள் சாதி பார்த்துச் செயற்படுகின்றன என்னும் குறையையும் ஒடுக்கப்பட்டோர் தரப்பினர் அதே காலத்தில் உரக்க எழுப்பினர். பலர் மாஸ்டடானுக்குச் சென்றனர். சென்றோருட் பலர் மீண்டும் வந்தனர். அங்கே தம்மவரைக் கண்டுகொள்ளுதல் எளிதாக இல்லை என்பது அதற்கொரு காரணம். ஒரு வழங்கி, அதன் உறுப்பினர் பின்தொடர்வோரின் பதிவுகளையே பெரும்பாலும் அறியும். சிறு வழங்கியில் புதிதாய்ப் புகுந்தவன் முன் வெற்றுப் பக்கமே நிற்கும். விடுதலை பெற்றவன் தனிமையும் பெற்றான். கண்டடையும் வழியைச் செம்மை செய்தல் இதனாலேயே வேண்டப்படுகிறது.

எதிர்வாதங்கள்

இவ்விடத்தில் எழக்கூடிய தடைகளை நேர்மையோடு நோக்குவோம்.

கால வரிசைப்படி காட்டிவிட்டால் போதும், விதியே வேண்டா என்பர் சிலர். கால வரிசையும் ஒரு விதியே. அது மிகுதியாகப் பேசுபவனுக்கும் ஓய்வு மிக்கவனுக்கும் சாதகமானது. பகலெல்லாம் உழைத்து இரவில் ஒரே ஒரு பதிவு எழுதும் தொழிலாளியின் சொல், நாளெல்லாம் எழுதுபவனின் ஐம்பது பதிவுகளுக்கு அடியில் புதைந்துவிடும். எவ்வரிசையும் எவர்க்கோ இடம் தந்து எவர்க்கோ மறுக்கிறது. ஆகவே வரிசை வேண்டுமா என்பதன்று வினா. எவ்வரிசை, யார் ஒப்புதலுடன் என்பதே வினா.

விதியை வெளியிட்டாலும் பாமரர் அதனைப் படித்தறிய இயலாதே என்பது இரண்டாவது தடை. இத்தடை வலியது. வேங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் சென்ற வரலாற்றை நினைவுகூர்வோம். சாலைகள் யாவர்க்கும் உரியன என்று அரசாணை இருந்தும், நடைமுறையில் புலையர்க்கு அவை மூடியே இருந்தன. ஆணையிலுள்ள திறப்பு வேறு. காலடி படும் திறப்பு வேறு. அவர் வண்டியைச் செலுத்திய பின்னரே, அதுவும் எதிர்ப்புகளையும் மோதல்களையும் கடந்தே, சாலை மெய்யாகத் திறக்கலாயிற்று. விதியும் அத்தகையதே. கணினி மொழியில் வெளியிட்டுவிட்டு ‘திறந்துவிட்டோம்’ என்பது அரசாணை மட்டுமே. அதனை நம் மொழியில் பத்து வரிகளில் எழுதி, ‘ஏன் இது எனக்குக் காட்டப்பட்டது?’ என்று கேட்பவனுக்கு விடை கிடைக்கச் செய்வதே காலடி படும் திறப்பு.

விதி தெரிந்தால் சூழ்ச்சிக்காரர் அதனை வளைப்பர் என்பது மூன்றாவது. மெய்யே. ஆயின் மூடிய விதியும் வளைக்கப்பட்டே வருகிறது. பணமும் ஆட்பலமும் உடையோர் ஆய்ந்தறிந்து வளைக்கின்றனர், எளியோர் மட்டுமே அறியாதிருக்கின்றனர். திறந்த விதி வளைக்கப்படும்போது அதனைக் கண்டுபிடிப்போரும் பலராவர்.

நான்காவது தடையே நம்மவர்க்கு மிக நெருக்கமானது. கண்டடையப்படுதல் எப்போதும் நன்மையோ? ஒடுக்கப்பட்டோன் ஒருவனது சொல்லை நண்பர் தேடிக் கண்டடைவது போன்றே பகைவரும் தேடிக் கண்டடைவர். மாஸ்டடானில் நெடுங்காலம் முழுச் சொல் தேடல் பொதுவாக வைக்கப்படாமைக்கு இவ்வச்சமும் ஒரு காரணம். 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் அது விரிவாக்கப்பட்டபோதும், தன் பதிவுகள் தேடலில் அகப்பட இசைவோருடையவை மட்டும் அகப்படுமாறு அமைத்தனர். இஃது அறத்தொடு பட்ட முடிவு. அறிய விரும்புவோனது உரிமை, காணப்பட விரும்பாதோனது உரிமையை விழுங்கலாகாது. விரைந்து பரவும் நன்மை சற்றுக் குறையினும், இசைவு கேட்டுக் காட்டுவதே தக்கது.

இன்னுமொரு ஐயம்: தனித்தனி வழங்கிகள் என்பவை புதிய சேரிகளாகிவிடாவோ? ஒரு வழங்கி மற்றொன்றின் தொடர்பை அறுத்தல் ஊர்விலக்கு ஆகாதோ? இதற்கு விநயமே விடை தருகிறது. லிச்சவி குலத்து வட்டன் என்பவன், தப்ப மல்லபுத்தர் மேல் பொய்ப்பழி சுமத்தினான். சங்கம் கூடி, அவனிடம் ஐயம் ஏற்பதில்லை என்று ‘பாத்திரம் கவிழ்க்கும்’ தீர்மானம் செய்தது. அவன் பிழையை ஒப்பியதும் அதே முறைப்படி பாத்திரம் நிமிர்த்தப்பட்டது. தீண்டாமை பிறப்பு நோக்கியது. இது செயல் நோக்கியது. தீண்டாமைக்கு விசாரணை இல்லை. இதற்கு அவையும் அறிவிப்பும் உண்டு. தீண்டாமைக்கு முடிவில்லை, இது திருந்தியவுடன் நீங்கும். தொடர்பறுக்கும் வழங்கி இம்மூன்றையும் கைக்கொண்டால் அது தற்காப்பு. கைவிட்டால் அது பழைய ஊர்விலக்கே.

நாம் செய்யத்தக்கது

ஆகவே திறந்த விதியென்பது தேவையான ஒன்று, ஆயின் தனித்து நின்று போதுமானதன்று என்று கொள்ளலாம். அதனோடு தேர்ந்துகொள்ளும் உரிமையும், காணப்படுவோரின் இசைவும், முறையீட்டுக்கு வழியும் சேர்ந்தாலன்றி அறம் நிறைவுறாது.

இவை தொலைவிலுள்ள நிறுவனத்தாரிடம் வேண்டிக்கொள்ள வேண்டியவை மட்டுமல்ல. நம் சங்கங்களும் படிப்பகங்களும் தாமே ஓர் ஓடையை நடத்துதல் இன்று இயலும். அதன் விதியை எளிய தமிழில் எழுதி முகப்பில் வைக்கலாம். பின்தொடர்வோர் குறைந்த புதிய எழுத்தாளர்க்கு நாள்தோறும் சில இடங்களை ஒதுக்கலாம். ஒருவரது பதிவுகளே நிரம்பாதவாறு வரம்பிடலாம். மறுமொழிக் கூச்சலுக்கு எடை தராது, படித்தோர் பிறர்க்குப் பரிந்துரைத்ததற்கு எடை தரலாம். விதியை மாற்றுங்கால் மாற்றிய நாளையும் காரணத்தையும் குறித்து வைக்கலாம். முடிவற்று ஓடவிடாமல், இன்றைக்கு இவ்வளவே என்று நிறுத்தலாம். நிறுத்தத் தெரிந்த பட்டியல் வாசகனை மதிக்கும் பட்டியல். அயோத்திதாசரின் ஏடுகளைப் போல் இன்றும் எங்கோ காட்டுவாரின்றிக் கிடக்கும் எழுத்துக்கு இதனால் ஒரு வாசகனேனும் கிடைப்பானாயின், அது சிறு பயனன்று.

இத்தனையும் செய்த பின்னரும் ஒரு பொறுப்பு எஞ்சும், அது வாசகனுடையது. கேள்வியால் வந்தது என்றோ, மரபென்றோ, சொன்னவர் பெரியவர் என்றோ ஒன்றை ஏற்கவேண்டா, நன்மை பயப்பதா என்று தாமே ஆய்ந்து கொள்க என்று காலாமர்க்கு உரைத்தார் பகவர். இன்று அப்பட்டியலில் மேலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: முதலிடத்தில் காட்டப்பட்டது என்பதற்காகவும் ஏற்கவேண்டா. நம்மைச் சங்கிலியால் பிணித்த விதி மறைவாக இருந்தபோது அதனை அறியாதிருந்தது நம் குற்றமன்று. விதி திறக்கப்பட்ட பின்னரும் படியாதிருப்பின், கையை மூடிக்கொண்டவர் ஆசிரியர் அல்லர். கண்ணை மூடிக்கொண்டவர் நாமே ஆவோம்.